பழைய லேண்ட் ரோவர்: எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய்

மலேசியாவின் கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் என்ஜின் எண்ணெயை மட்டும் தவறாமல் மாற்றிவிடுகிறார்கள். அதே வண்டிக்கு அடியில் கியர் பாக்ஸ், அதை ஒட்டி இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், இரு பக்கச் சக்கரங்களுக்கும் அதைப் பங்கிடும் முன் டிஃப், பின் டிஃப், முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்விவல் உருண்டை என்று இன்னும் ஆறு இடத்தில் எண்ணெய் இருக்கிறது. ஏதாவது ஒன்று ஊளையிடத் தொடங்கும்வரை அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஊளையிட்டதும் கடைக்குப் போய் "90 எண்ணெய் ஒரு டின் கொடுங்க" என்று அந்தக் கெட்டி கியர் எண்ணெயை வாங்கிவந்து ஆறிலும் அதையே ஊற்றிவிடுகிறார்கள். வண்டி ஓடத்தான் செய்யும், உடனே ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை வருடமாக விடாமல் இருக்கிறது. ஆனால் அந்த ஆறும் ஒரே எண்ணெய் கேட்பவை அல்ல. எது எந்த எண்ணெய் கேட்கிறது, பழையதை இறக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வண்டியில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், பழைய வண்டியை இன்னும் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

எங்களுடையது 1996 டிஃபெண்டர் 110 பிக்கப், 300டிடிஐ டீசல். அப்பா ஈப்போவில் பழையதாக வாங்கியது. புளூவேலிக்கு மேலே இருக்கும் தோட்டத்திலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றி, மண்பாதையில் இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, தார் ரோட்டுக்கு வந்து லோரிக்கு மாற்றிவிடுவது அதன் வேலை. மழை பிடித்துக்கொண்டால் அந்த ஓடை சக்கரத்தில் பாதி உயரத்துக்கு ஏறும். லோடும் சரிவும் தண்ணீரும் சேரும்போது அடிப்பக்கத்துப் பெட்டிகள் படும் பாட்டை, பட்டணத்தில் ஓடும் அதே மாடல் வண்டியோடு ஒப்பிடவே முடியாது.

கோளாறு முதலில் ஹேன்பிரேக்கில்தான் தெரிந்தது. டிஃபெண்டரின் ஹேன்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கத்தில், பின் புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது, அதற்குள்தான் ஷூ. சரிவில் நிறுத்தி லிவரை முழுக்க இழுத்தாலும் வண்டி மெல்ல நகர்ந்தது. மலையில் இது விளையாட்டில்லை, கூடைகளை ஏற்றிக்கொண்டு ஆட்கள் பின்னால் நிற்பார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனோம். போர்மன் டிரம்மைக் கழற்றி, எண்ணெயில் ஊறிப்போன ஷூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக மாற்றி, எண்ணெய் கசியும் பின்பக்க சீலையும் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாகப் பிடித்தது. அப்புறம் மறுபடி அதே கதை, மறுபடி ஷூ, மறுபடி சீல். "பழைய வண்டி, இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஈப்போவில் இருக்கிறார், வயதாகிவிட்டது, இன்னும் லேண்ட் ரோவர் மட்டும் பார்க்கிறார். போன் போட்டுச் சொன்னேன். அவர் ஹேன்பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் லெவல் பிளக்கைத் திற. என்ன வருதுன்னு பார்த்துட்டு எனக்குப் போன் போடு" என்றார், அவ்வளவுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அடியில் படுத்தேன். சாதாரணமாக அந்த பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் துவாரத்தின் கீழ் விளிம்பில் நிற்க வேண்டும், ரொம்பப் போனால் ஒரு சொட்டு வழியும். இங்கே பிளக் கடைசி மரைக்கு வருவதற்குள் விரலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் பாய்ந்தது, முழங்கைவரை. நிறம் பழுப்பாக இல்லை, அழுக்குச் சிவப்பு. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி மெலிசு. 90 எண்ணெய்க்கே உரிய அந்தக் கந்தக நாற்றமும் பாதிதான் இருந்தது. பிறகு கியர் பாக்ஸ் லெவல் பிளக்கைத் திறந்தேன், ஒன்றுமே வரவில்லை. விரலை உள்ளே விட்டு வளைத்தும் எண்ணெய் தட்டுப்படவில்லை.

விஷயம் இதுதான். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன, ஒரே ஷாஃப்ட் இதிலிருந்து அதற்குப் போகிறது. அந்த ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் சீல்தான் இரண்டு எண்ணெயையும் பிரித்து வைக்கிறது. எங்கள் கியர் பாக்ஸில் முன்பு வைத்திருந்தவர் ஊற்றிய சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான மெலிந்த எண்ணெய்) இருந்தது. சீல் தேய்ந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய் டிரான்ஸ்ஃபர் பாக்ஸை மேல்வரை நிரப்பிவிட்டது. அளவுக்கு மேல் நிரம்பிய பெட்டி, அதுவும் மெலிந்த எண்ணெயோடு, பின்பக்க சீல் வழியாகத்தான் வெளியே தள்ளும். அந்த சீலுக்கு வெளியே ஹேன்பிரேக் டிரம். ஆக, டிரம்முக்குள் எத்தனை முறை புது ஷூ போட்டாலும் நிற்காது. பட்டறையில் லெவல் பிளக்கைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கீழே ஒரு சொட்டு விழாமலேயே இது நடக்கும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டியது. வெளியே ஒழுகினால் தரையில் கறை தெரியும், உள்ளுக்குள்ளேயே இடம் மாறினால் எதுவும் தெரியாது. நமக்குத் தெரியும்போது கியர் பாக்ஸ் காய்ந்துபோய் ஐந்தாம் கியரில் ஊளை வந்திருக்கும், எங்களுக்கும் வந்திருந்தது.

சீலை மாற்ற டிரான்ஸ்ஃபர் பாக்ஸை இறக்க வேண்டும். கனமான சாமான், ஒரு ஆள் வேலை இல்லை, நல்ல ஜாக்கி வேண்டும். ஈப்போவுக்கே கொண்டுபோய்ப் பெரியவரிடம் விட்டோம். இறக்கும்போது அவர் காட்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் ஸ்பிளைன் பற்கள், டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் முதல் கியருக்குள் போய் உட்காருகின்றன. பழைய வண்டிகளில் இந்த இடத்துக்கு எண்ணெய் சரியாகப் போகாது, இரும்பும் இரும்பும் காய்ந்து உரசி, துருப்பிடித்த செம்பொடியாக உதிரும். பெட்டியைக் கழற்றினால் அந்தச் செம்பொடி தெரியும். பிற்பாடு வந்த கியரில் குறுக்கே துளை போட்டு எண்ணெய் உள்ளே போக வழி செய்திருக்கிறார்கள். எக்ஸலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது அடியில் 'டொக்' என்று அடிக்கும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணம். பெட்டி எப்படியும் கீழே இறங்கும் நாளில் துளை போட்ட கியரைப் போட்டுவிடுவது நல்லது. அதற்கென்று தனியாக ஒருமுறை இறக்கினால் கூலி இரட்டிப்பு.

சரி, எண்ணெய்க்கு வருவோம். முதல் கேள்வி உங்கள் வண்டியில் என்ன கியர் பாக்ஸ் இருக்கிறது என்பது. லேண்ட் ரோவர் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை கியர் பாக்ஸ், எத்தனை எண்ணெய்! 1985 வரை வந்த சீரிஸ் 3 வண்டிகளின் கியர் பாக்ஸுக்கு 90 எண்ணெய்தான், அதில் தப்பில்லை, நம் ஊரில் 'எல்லாத்துக்கும் 90' என்ற பழக்கம் அந்தக் காலத்து வண்டிகளிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். பழைய வி8 என்ஜினோடு வந்த எல்டி95, எல்டி85 கியர் பாக்ஸ்களுக்கு என்ஜின் எண்ணெய். நான்கு சிலிண்டர் வண்டிகளில் வந்த எல்டி77-க்கு ஏடிஎஃப். 1994-க்குப் பிறகு 300டிடிஐ வண்டிகளில் வந்த ஆர்380-க்கு எம்டிஎஃப்94 என்ற மெலிசான கியர் எண்ணெய். பார்த்தீர்களா, ஒரு டின் 90 வாங்கிக்கொண்டு வந்தால் இதில் சீரிஸ் 3 தவிர மற்ற எல்லாக் கியர் பாக்ஸுக்கும் தவறான எண்ணெய்.

எல்டி77-ஆ ஆர்380-ஆ என்று தெரியவில்லை என்றால் அடியில் படுத்து நம்பர் தேட வேண்டாம். கியர் லிவரைப் பாருங்கள். ரிவர்ஸ், முதல் கியருக்கு இடப்பக்கம் முன்னால் விழுந்தால் எல்டி77. வலப்பக்கம் ஐந்தாம் கியருக்குக் கீழே, பின்னால் இழுத்து விழுந்தால் ஆர்380. லிவர் குமிழில் இருக்கும் கியர் படத்தை நம்பாதீர்கள், பழைய வண்டியில் குமிழ் எத்தனையோ தடவை மாறியிருக்கும். நிஜமாகப் போட்டுப் பாருங்கள். வண்டியின் வருடத்தை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், இங்கே ஓடும் வண்டிகள் பலவற்றில் கியர் பாக்ஸ் வேறு வண்டியிலிருந்து வந்தது.

கியர் பாக்ஸில் கெட்டி எண்ணெய் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு: கம்போங் ராஜா பக்கம் விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் ஆர்380-இல் 90 எண்ணெய் இருந்தால் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும், வண்டி சூடேறும்வரை கை வலிக்கும். கியர் மாறும்போது இரண்டு சுழற்சியையும் சமப்படுத்துவது சிங்க்ரோ வளையம். அது கியரின் கூம்பைப் பிடித்து உராய்ந்தால்தான் வேகம் சமமாகும். நடுவில் கெட்டி எண்ணெய் நின்றால் வளையம் பிடிக்காமல் வழுக்கும். வலுக்கட்டாயமாகத் தள்ளித் தள்ளிப் போட்டால் வளையம் தேய்ந்து, கொஞ்ச நாளில் கியர் 'கர்ர்' என்று அரைத்துக்கொண்டுதான் விழும்.

இதோடு சேர்ந்தது ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற கியர் எண்ணெய்த் தரக் குறியீட்டு விவகாரம். டின்னில் சின்ன எழுத்தில் இருக்கும், பலர் பார்ப்பதே இல்லை. ஜிஎல்-5 எண்ணெயில், அதிக அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஃபுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் வழுக்கித் தேய்க்கவும் செய்கின்றன, அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அப்போது இந்தச் சேர்மானம்தான் சூட்டில் இரும்போடு சேர்ந்து ஒரு படலத்தை உண்டாக்கிப் பற்களைக் காப்பாற்றுகிறது. டிஃபுக்கு அது உயிர். ஆனால் அதே கந்தகம் சூட்டில் பித்தளையை, செம்புக் கலவையை அரிக்கக்கூடியது, சிங்க்ரோ வளையங்கள் பல கியர் பாக்ஸ்களில் பித்தளைதான். போதாததற்கு அதன் வழுவழுப்பும் சிங்க்ரோவுக்கு ஆகாது. இப்போது வரும் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் பித்தளையை அவ்வளவாகத் தொடாது என்று போட்டு விற்கிறார்கள். இருக்கட்டும். பழைய கியர் பாக்ஸில், வண்டியின் கையேட்டுப் புத்தகம் கேட்காத ஜிஎல்-5-ஐ நான் ஊற்ற மாட்டேன். டின்னில் இரண்டு எண்ணும் சேர்ந்து போட்டிருந்தால் அதை ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்380-க்கு நான் இப்போது போடுவது எம்டிஎஃப்94 என்று பெயர் போட்ட 75டபிள்யூ-80 எண்ணெய். மலையில் கிடைப்பது கஷ்டம், ஈப்போவிலிருந்து வாங்கிவருகிறேன். ஏடிஎஃபும் இந்தக் கியர் பாக்ஸின் ஆரம்ப காலத்தில் அனுமதித்த எண்ணெய்தான், அதைப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், குளிரில் கியர் வெண்ணெயாக விழும். ஆனால் லோடு வைத்துத் தாப்பா மலைப்பாதையில் இறங்கி ஏறும் வண்டிக்கு எம்டிஎஃப்94 போட்ட பிறகு கியர் பாக்ஸ் சத்தம் குறைந்தது, கண்கூடாகத் தெரிந்தது. ஐந்தாம் கியர் ஊளை முழுக்கப் போகவில்லை, காய்ந்து ஓடிய காலத்தில் தேய்ந்தது தேய்ந்ததுதான். எண்ணெய் எதையும் வளர்த்துக் கொடுக்காது.

டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், அதாவது எல்டி230, முழுக்கப் பற்சக்கரம். செயின் கிடையாது. அதற்கு 80டபிள்யூ-90 இபி (அதிக அழுத்தம் தாங்கும்) எண்ணெய், 2.3 லிட்டர். (செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் உள்ள வேறு கம்பெனி வண்டிகள் பலவற்றுக்கு ஏடிஎஃப்தான் ஊற்ற வேண்டும். அவற்றில் 90 ஊற்றினால் கெட்டது. உங்களுடையது வேறு வண்டி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.) டிஃபெண்டரில் நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே இழுக்கும், லிவர் போட்டால்தான் நான்கு என்ற கதை சீரிஸ் வண்டியோடு முடிந்தது. எனவே நல்ல தார் ரோட்டில் போனாலும் இந்தப் பெட்டியும் முன் டிஃபும் முழு நேரம் உழைக்கின்றன. 'நான் ஃபோர்வீல் போடுவதே இல்லை, அதனால் எண்ணெய் அப்படியே இருக்கும்' என்று டிஃபெண்டர் வைத்திருப்பவர் சொன்னால் தயவுசெய்து அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். எல்டி230 கொஞ்சம் ஊளையிடும் சுபாவம் உள்ளதுதான். அதை அடக்க இன்னும் கெட்டியான 140 எண்ணெய் ஊற்றுகிறார்கள். சத்தம் குறையும், நோய் குறையாது. நம் ஊர்க் குளிருக்கு 80டபிள்யூ-90 போதும்.

டிஃப்களுக்கு ஜிஎல்-5, 80டபிள்யூ-90. முன்னால் 1.7 லிட்டர். 110-இன் பின்னால் இருப்பது சாலிஸ்பரி ஆக்ஸில், பெரியது, 2.3 லிட்டர் குடிக்கும். இவற்றில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் கிடையாது, அதற்கென்று தனிச் சேர்மானம் வாங்க வேண்டாம். வேறு வண்டியில் அது இருந்தால் அதற்கான எண்ணெய்தான் வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் பின்பக்கம் தடதடவென்று உதறும்.

டிஃபின் எதிரி தேய்மானத்தைவிடத் தண்ணீர்தான். இதை ஓடை தாண்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லோடோடு வந்த வண்டியின் ஆக்ஸில் கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளே காற்றும் விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த ஓடைக்குள் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கும், எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்குத்தான் ஆக்ஸில் மேல் காற்று போய்வரும் வழியாகப் பிரீதர் வைத்திருக்கிறார்கள். அது சேற்றில் அடைத்துப்போயிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதர் திறந்திருந்து, ஆனால் தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் நேராக அதன் வழியாகவே இழுக்கும். பழைய வண்டிகளில் ஆக்ஸில் மேலேயே குட்டையாக ஒரு வால்வு மட்டும் இருக்கும், அதைக் கழற்றிவிட்டு மெலிந்த நைலான் குழாய் போட்டு, முனையை என்ஜின் பக்கம் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சில வெள்ளிதான் செலவு. எங்கள் பின் டிஃபைத் திறந்தபோது எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் நுரைத்து இறங்கியது, பிரீதரைக் கழற்றிப் பார்த்தால் சிமென்ட் மாதிரி இறுகிய சேறு. எண்ணெயில் தண்ணீர் கலந்த டிஃபை ஒருமுறை இறக்கி ஊற்றினால் சுத்தமாகாது, மூலைகளில் நிற்கும். மலிவான 90 ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டோடு அதையும் இறக்கிவிட்டுத்தான் நல்ல எண்ணெய் ஊற்ற வேண்டும்.

ஸ்விவல் உருண்டைக்குள் முன் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயின்ட் இருக்கிறது. பழைய வகையில் ஒவ்வொன்றுக்கும் 350 மில்லி 90 எண்ணெய், நிரப்ப ஒரு பிளக், அளவு பார்க்க ஒரு பிளக், இறக்க ஒரு பிளக் என்று இருக்கும். பிற்பாடு வந்தவற்றில் எண்ணெய்க்குப் பதிலாக, பாக்கெட்டில் வரும் கூழ் மாதிரி கிரீஸை ஒரே தடவையில் பிழிந்து நிரப்பிவிடுகிறார்கள். கூழ் கிரீஸ் ஒழுகாது, உருண்டையில் துருக்குழி விழுந்த வண்டிக்கு அது வரப்பிரசாதம். ஆனால் தண்ணீர் புகுந்தால் இறக்க வழியில்லை, பிரித்துத்தான் கழுவ வேண்டும். ஓடையில் இறங்கும் வண்டிக்கு எண்ணெயே மேல் என்பது என் கருத்து, சீலை நல்லதாக வைத்துக்கொண்டால். இன்னொன்று, கூழ் கிரீஸ் போட்ட உருண்டையிலிருந்து ஓட்டமாக எண்ணெய் வழிந்தால் அது டிஃப் எண்ணெய். டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்டின் சீல் போய், முன் டிஃப் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே டிஃப் லெவலைப் பாருங்கள்.

மாற்றும் வேலையில் ஒரே ஒரு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்: இறக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். பழைய வண்டியில் நிரப்பும் பிளக் வருடக்கணக்காகத் துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழே உள்ளதைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் இறக்கிவிட்டு, மேலே உள்ளது கழறாமல் தலை உருண்டுபோனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான், நிரப்ப வழி கிடையாது. டிஃப் பிளக்குகளில் சதுரக் குழி இருக்கும், அரை அங்குல ரேச்சட்டின் முனையே அதில் நேராக உட்காரும். குழிக்குள் இறுகிய சேற்றை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, முனை முழு ஆழத்துக்கு இறங்கியதா என்று பார்த்துவிட்டு இழுங்கள். ஆர்380-க்கு 30 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். நீளக் குழாயைப் போட்டு எக்குவதற்கு முன்னால், முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவைத்துவிட்டால் பாதி பிளக்குகள் சண்டை போடாமல் வரும். திரும்ப மாட்டும்போது வெறியோடு இறுக்காதீர்கள். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் அலுமினியம், மரை போனால் பிளக்கின் விலையோடு முடியாது. டிஃப் பிளக் போகப்போகக் கூம்பாக இறுகும் மரை, கொஞ்சம் இறுக்கினாலே நிற்கும்.

சூடாக இருக்கும்போது இறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்றால் எண்ணெய் மெலிந்து வேகமாக இறங்கும் என்பது பாதிக் காரணம், ஓடிவந்த எண்ணெயில் தூளும் தண்ணீரும் கலந்து மிதக்கும், அவை எண்ணெயோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும் என்பது மீதி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வாளி வையுங்கள், ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகும். எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி வாளியின் அடியில் ஒரு சுற்று விட்டு எடுங்கள். மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டினால் வழக்கமான தேய்மானம், கவலைப்பட வேண்டாம். ஊசி மாதிரிச் சிலும்பல், நகத்தால் நிமிண்டி எடுக்கும் அளவு துண்டு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் பொன் நிறத்தில் மினுக்குவது பித்தளை, கியர் பாக்ஸ் எண்ணெயில் அது நிறைய இருந்தால் சிங்க்ரோ வளையம் கரைகிறது என்று பொருள்.

கியர் பாக்ஸும் என்ஜினும் சேரும் கிளச் கூண்டின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. ஆழமான தண்ணீரில் இறங்குமுன் அதற்கென்று உள்ள பிளக்கை மாட்டி, கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். இங்கே பல வண்டிகளில் அதை வருடம் முழுக்க மாட்டியே வைத்திருக்கிறார்கள், எண்ணெய் சொட்டுவது நிற்கிறது என்ற திருப்தி வேறு. அந்த எண்ணெய் எங்கும் போகவில்லை, உள்ளே தேங்கிக் கிளச்சை நனைக்கிறது. துளையைத் திறந்து வைத்து, சொட்டுவதை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். டீசல் கரி கலந்த கறுப்பு என்றால் என்ஜினின் பின் சீல். தெளிவாகவோ சிவப்பாகவோ இருந்தால் கியர் பாக்ஸின் முன் சீல். எதைப் பிரிக்க வேண்டும் என்று போர்மனிடம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும், வீண் கூலி மிச்சம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். புத்தகத்தில் உள்ள கணக்கு சாதாரணமாக ஓடும் வண்டிக்கு. தண்ணீரில் இறங்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே பொருந்தாது. வருடக் கடைசி மழை ஓய்ந்ததும் நான் டிஃப் இரண்டையும் ஸ்விவலையும் மாற்றிவிடுகிறேன், எண்ணெய் பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஓடை பெருகி வண்டி நடுவில் சிக்கி நின்றுவிட்டால் மழை முடியும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால் காலையில் முதலில் சொட்டுவது தண்ணீராகத்தான் இருக்கும். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கும் தினசரி லோடு இருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் விட வேண்டாம். அளவு பார்ப்பதை மட்டும் மாதா மாதம் செய்கிறேன், அதுவும் இரண்டு பெட்டியையும் சேர்த்து. ஒன்றில் குறைந்து மற்றதில் ஏறியிருந்தால் நடு சீல் மறுபடி போய்விட்டது, ஒன்றை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

வாங்கும் கணக்கு: ஆர்380-க்கு 2.67 லிட்டர், மூன்று லிட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், இரண்டு டிஃப், இரண்டு ஸ்விவல் எல்லாம் சேர்த்து ஏழு லிட்டர் 80டபிள்யூ-90. குழாய் போட்ட கைப்பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும், நிரப்பும் துளைகள் பக்கவாட்டில் இருப்பதால் டின்னைச் சாய்த்து ஊற்ற முடியாது. நிரம்பி வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது சொட்டாக மாறும்வரை விட்டுவிட்டு பிளக்கை மாட்டினால் அளவு சரி. அன்றைக்குத் தேதியையும், எதில் எந்த எண்ணெய் என்பதையும் கதவின் உள்பக்கம் அழியாத மையில் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்து வண்டியைத் தொடும் போர்மன் ஏடிஎஃப் மேல் 90 ஊற்றாமல் இருக்க அது ஒன்றே வழி.

இறக்கிய பழைய எண்ணெயைப் பாதையில் தூசி அடங்க ஊற்றுவது, வேலிக் கட்டைக்குப் பூசுவது, கால்வாயில் கவிழ்ப்பது எல்லாவற்றையும் இங்கே பார்த்திருக்கிறேன். கம்போங் ராஜாவைச் சுற்றி எங்கே ஊற்றினாலும் மழையில் அது தெலோம் ஆற்றுக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள தோட்டங்களில் காய்கறிக்கு இறைக்கிறார்கள். எங்கள் பழைய எண்ணெயைக் காலி டின்களில் மூடி, ரோட்டோரப் பட்டறையில் கொடுத்துவிடுகிறோம். அவர்களிடம் பெரிய டிரம் இருக்கிறது, நிறைந்ததும் எடுத்துப்போக லோரி வரும், காசு எதுவும் கேட்பதில்லை.